மொய் மேசையில் வாங்கிய முகவரிகள்

1

எனக்கு என் சகலையைக் கண்டால் வயிற்றெரிச்சல். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பினாங்கைப் பற்றி எழுது, எழுது என்று நாகப்பட்டினத்து நண்பர்கள் கேட்கிறார்கள். கடல், மலை ரயில், தைப்பூசக் கூட்டம் என்று எழுதினால் அவர்களுக்கும் பிடிக்கும், எனக்கும் சுலபம். இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. சரி, ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால் கடலும் வரவில்லை, மலையும் வரவில்லை. குணாதான் வந்து முன்னால் நிற்கிறான்.

குணசேகரன் என் மனைவி கமலாவின் தங்கை வசந்தியைக் கட்டியவன். இந்த ஊரிலேயே பிறந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னைவிட உயரம், தலைமுடி அப்படியே இருக்கிறது. மலாய்க்காரரோடு மலாய் பேசுவான், சீனரோடு ஹொக்கியன் பேசுவான், இரண்டு பேரும் அவன் தோளில் தட்டிச் சிரிப்பார்கள். எனக்கோ இத்தனை வருஷம் கழித்தும் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய் வருகிறது. மீன்காரரும் சிரிப்பார், ஆனால் அது வேறு சிரிப்பு.

பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவன் டெக்னீஷியனாக இருந்தான். பொருளாதாரச் சரிவு வந்தபோது ஆட்குறைப்பில் வேலை போயிற்று. வசந்தி எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து அழுதாள். நான்தான் ஆறுதல் சொன்னேன். நான் செய்வது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தொழில். இங்கே காப்புறுதி என்பார்கள். குணாவையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டு, பரீட்சைக்குப் புத்தகம் கொடுத்து, முதல் இரண்டு மாதம் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் நான்தான். தொழில் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பொறாமைப்படக்கூட உரிமையில்லையா என்ன?

2

என் தொழில்முறை ரொம்ப எளிமையானது. போவேன். சொல்லாமல் கொள்ளாமல் போவேன். காலையில் ஃபெர்ரியில் மோட்டாரை ஏற்றி தீவுக்கு எதிரே இருக்கும் கரைக்குப் போய், பிறை என்ற ஊர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்குவேன். கதவைத் திறந்தவர்கள் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடும். அதற்குள் நான் செருப்பைக் கழற்றியிருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டவனைத் திருப்பி அனுப்பும் தமிழ்க் குடும்பத்தை இந்தத் தீபகற்பத்தில் நான் பார்த்ததில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் "தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" என்பார்கள். இங்கே தண்ணி என்றால் வெறும் தண்ணீர் இல்லை. டீயோ மைலோவோ கலக்கிக்கொண்டு வருவார்கள், கூடவே தட்டில் பிஸ்கட். அதைக் குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் படிப்பு, மாமியார் சர்க்கரை வியாதி எல்லாம் கேட்டு முடித்து, பாலிசியை எடுத்து வைப்பேன். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "அடுத்த மாசம் பாக்கலாம்ண்ணே" என்பார்கள். அடுத்த மாதம் நான் போய்விடுவேன். பாதிப் பேர் அந்த அடுத்த மாதத்தைத் தாங்க முடியாமல்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று கமலா சொல்வாள். அவளுக்கு என் தொழிலில் மரியாதை கிடையாது.

இது நம் ஊர்க் குணம்தானே. நாகப்பட்டினத்தில் பத்திரிகை வைக்க வருபவர் "குடும்பத்தோட வந்துடணும்" என்பார். "வராம இருப்பமா" என்று எங்கள் அப்பா சொல்வார். அவர் போகப்போவதில்லை என்பது வந்தவருக்கும் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அந்தப் பழக்கத்தைக் கப்பலேறி வந்தவர்கள் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார்கள். அதில்தான் என் சோறு.

குணாவுக்கு வீடு ஏறப் பிடிக்கவில்லை. மழையில் நனைந்து, நாய்க்குப் பயந்து, மூன்றாவது வீட்டில் மூன்றாவது மைலோவைக் குடித்துவிட்டு, "எப்படிண்ணே தாங்குறீங்க?" என்று கேட்டான். பழகிவிடும் என்றேன். பழகாமலே வேறு வழி கண்டுபிடித்துவிட்டான்.

3

உறவில் ஒரு கல்யாணம். வாசலில் மொய் எழுதும் மேசையில் என்னையும் குணாவையும் உட்காரவைத்தார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதினேன். அவன் கவர்களை வாங்கிப் பெட்டியில் போட்டான். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், அவன் ஒரு தனித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "அண்ணே, இ-மெயில் இருந்தா எழுதிட்டுப் போங்கலா" என்று இந்த ஊர் 'லா' போட்டுக் கேட்கிறான். பாயான் லெப்பாஸ் எஞ்சினியர்கள், பல்கலைக்கழக ஆட்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் ஆபீசில் மின்னஞ்சல் கொடுத்திருந்தார்கள். முகவரி வைத்திருப்பதே ஒரு பெருமை. சந்தோஷமாக எழுதினார்கள். கல்யாண போட்டோ அனுப்பப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போட்டோ போகவில்லை. இன்சூரன்ஸ் விளம்பரம் போயிற்று. அடுத்தடுத்த கல்யாணங்களில் குணா தானாகவே கேட்டு மொய் மேசைக்கு உட்கார்ந்தான். பொறுப்பான பிள்ளை என்று கல்யாண வீட்டார் புகழ்ந்தார்கள். அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாக எத்தனை மொய் மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்!

அவன் கெலுகோர் வீட்டில் கம்ப்யூட்டரும் டெலிபோன் லைனும் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு தீவுக்கே கடிதம் போய்விடும். அவன் கைலி கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நான் பிறையில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடிதங்களை அவனுக்கு எழுதிக்கொடுத்தது யார் தெரியுமா? என் மகள் பவானி.

பவானி எங்களுக்கு ஒரே பெண். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். படிக்கிற இடத்திலிருந்து சித்தப்பா வீடு பக்கம். சனிக்கிழமை போனால் சாயங்காலம்வரை அங்கேதான் இருப்பாள். வந்தால் சித்தப்பா புராணம். "சித்தப்பா எப்படி ஐடியா வெச்சிருக்காரு தெரியுமாப்பா?" என்பாள். எனக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி செய்து கொடுத்தாள். சைபர் கஃபேக்குப் போய்க் காசு கொடுத்து உட்கார்ந்து திறந்தால், அதில் வந்திருப்பது குணாவின் விளம்பரம். தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் அப்போது கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தொழிலைக் கற்றுக்கொடுத்தவனுக்கே தொழில் விளம்பரம், அதுவும் அவன் பெண்ணின் கையால்.

ஒருநாள் குணா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அண்ணே, படிப்பு முடிஞ்சதும் பவானி என்கூடயே வந்துடட்டும். இத ஒரு கம்பெனியா பண்ணலாம். இன்சூரன்ஸ் மட்டும் இல்ல, நகைக்கடை, டிக்கெட் ஏஜென்சி எல்லாத்துக்கும் நம்மளே லெட்டரு அனுப்பித் தரலாம். அவ மூள இருக்கே, அலாமா!"

பவானி என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்ளட்டும். இருக்கிற ஒரு பெண்ணையும் சித்தப்பாவின் ஆள் ஆக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. அதன் பிறகு நான் செய்தது எல்லாம் அந்தப் பயத்தினால் செய்ததுதான்.

4

பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. கேட்காமல் வரும் விளம்பர மின்னஞ்சலை அடக்க அமெரிக்காவில் சில மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றனவாம். பொய்த் தலைப்பு போடக்கூடாது, அனுப்புவது யார் என்பதை மறைக்கக்கூடாது, வேண்டாம் என்று சொன்னவருக்கு மறுபடியும் அனுப்பக்கூடாது. மீறினால் வழக்கு. அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் மீது எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

குணா பெயரை மறைக்கவில்லை. கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வான். ஆனால் தலைப்பு விஷயத்தில் மாட்டினான். யாரும் திறந்து படிப்பதில்லை என்று, 'அவசரம்: உங்கள் குடும்ப விஷயம்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு வைத்திருந்தான். நம் ஆட்களுக்குக் குடும்ப விஷயம் அவசரமாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு எஞ்சினியர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, ஆபீசில் அரைநாள் லீவு சொல்லி, ஈப்போவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில் டெலிபோன் செய்தால் அம்மாவே எடுத்துப் பேசியிருக்கிறார். அந்த எஞ்சினியர் குணாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னிடம் வந்து, "குணா நல்லவருதாண்ணே, ஆனா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே ஜார்ஜ்டவுனில் ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இளம் மலாய்ப் பெண். குப்பைக் கடிதத்தைப் பற்றிப் புகார் என்று என் மீன்கடை மலாயில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, குப்பை என்றால் நகராட்சி, அந்தக் கட்டடத்துக்குப் போங்கள் என்று வழி காட்டினாள். குப்பை தொட்டியில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் எனக்குப் பின்னால் வரிசை கதவுவரை போய்விட்டது.

அவள் பொறுமைசாலி. புதிதாக வந்திருக்கும் தொடர்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தாள். மின்னஞ்சல் விளம்பரத்துக்கென்று தனியாகச் சட்டம் ஏதும் இல்லை, ஆனால் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவர் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினால் குற்றம் என்றாள். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அனுப்புகிறவர் யார், தெரியுமா?" என்று கேட்டாள்.

என் மனைவியின் தங்கை கணவன் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். "ஓ, பீராஸ்!" என்று சிரித்தாள். மலாயிலும் சகலைக்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கவுண்டர் ஆளிடமும் அதைச் சொன்னாள். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பீராஸ் உண்டு, புதுக் கார் வாங்கியிருக்கிறான் என்று வருத்தமாகச் சொன்னார்.

"அனுப்பாதே என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா?" என்று அவள் கேட்டாள்.

இல்லை என்றேன்.

"முதலில் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அனுப்பினால் வாருங்கள்."

படியிறங்கி வரும்போது எனக்கு எங்கள் நாகப்பட்டினத்துத் தெரு ஞாபகம் வந்தது. கல்யாண வீடு என்றால் மாமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். விடியற்காலையில் ஆரம்பித்தால் தெரு முழுக்க அலறும். அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கவேண்டும் என்று அப்போதே சட்டம் இருந்தது. யார் வாங்கினார்கள்? எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த வாரம் எதிர்வீட்டில் கல்யாணம். அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மத்தியானப் பந்திக்குப் போய், ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பிள்ளைதானே நான். குணாவிடம் போய் உன் கடிதம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. அரசாங்கம் சொல்லும் என்று பார்த்தால், அது என்னையே சொல்லச் சொல்கிறது.

5

பவானியை வைத்துத்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். கத்தரித்த செய்தியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அமெரிக்காவுல இதுக்கு ஜெயில்" என்றேன். ஜெயில் என்று செய்தியில் இல்லை. ஒரு வேகத்தில் வந்துவிட்டது.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுக்கப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "இத நான் வெச்சுக்கவாப்பா?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பாயசம். இரண்டு பேருக்கும் சண்டை வரப்போகிறது, பெண் நம் பக்கம் திரும்பப்போகிறாள் என்று நினைத்தேன். சண்டையைப் பார்க்கவேண்டும் என்றே அந்தச் சனிக்கிழமை அவளோடு நானும் கெலுகோருக்குப் போனேன்.

சண்டை வந்தது, ஆனால் நான் நினைத்தபடி இல்லை.

"சித்தப்பா, மொதல்ல அந்த அவசரத்த எடுங்க. அப்புறம், இந்த லெட்டரு வேணுமா வேணாமான்னு எல்லார்கிட்டயும் ஒருவாட்டி கேட்டுடலாம். வேணும்னு எழுதுறவங்களுக்கு மட்டும் அனுப்பலாம்" என்றாள் பவானி.

குணா சிரித்தான். "என்னாலா பேசுற? இத்தன மாசத்துல ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலியே."

"சொல்லமாட்டாங்க சித்தப்பா. நம்ம ஆளுங்க சொல்லவே மாட்டாங்க. அதனாலதான் நம்ம கேக்கணும்."

"கேட்டா முக்காவாசிப் பேரு போயிடுவாங்கம்மா."

"அப்ப அவங்க இப்பவே போயிட்டாங்கன்னுதானே அர்த்தம்? அந்த அட்ரஸெல்லாம் கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட கல்யாணத்துக்குன்னு வாங்கினது. அத வேற எதுக்காச்சும் எடுக்குறது சரியில்ல சித்தப்பா. எனக்கு எழுதவே கூசுது."

கூசுகிறது என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "சரிம்மா, நீ சொன்னா சரிதான். அனுப்பு" என்று நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். அவ்வளவுதான். என் வீட்டில் அவள் எதைச் சொன்னாலும் நான் ஒரு வாரம் எதிர்வாதம் பண்ணுவேன். அவன் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டான். அவன் தோற்கவேண்டும் என்று போனவனுக்கு, அவன் தோற்ற விதத்தைப் பார்த்தும் எரிந்தது.

பதில்கள் வந்தன, அல்லது வரவில்லை என்று சொல்லவேண்டும். நூற்றுக்கணக்கான முகவரிகளில் வேண்டும் என்று எழுதியவர்களை இரண்டு கல்யாணப் பந்தி வரிசையில் உட்காரவைத்துவிடலாம். நான் அன்றைக்குச் சந்தைக்குப் போய்ப் பெரிய இறால் வாங்கி வந்தேன். கமலா இறாலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தீபாவளியா?" என்றாள்.

என் தீபாவளி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வேண்டும் என்று எழுதிய அந்தக் கொஞ்சம் பேர் கடிதத்தை நிஜமாகவே படித்தார்கள். படித்துவிட்டுக் கேள்வி கேட்டு எழுதினார்கள். கேள்வி கேட்டவர்கள் பாலிசி எடுத்தார்கள். முன்னால் ஊர் முழுக்க அனுப்பியபோது வந்ததைவிட இப்போது அதிகமாக வந்தது. கம்பெனிக் கூட்டத்தில் மேனேஜர் குணாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நானும் தட்டினேன். கை வலித்தது.

6

பவானி சும்மா இருப்பாளா? "அப்பா, நீங்க யார் வீட்டுக்காச்சும் வரட்டுமான்னு கேட்டுட்டுப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான் என்ன கம்ப்யூட்டரா? மனுஷன்."

"அதான்பா. கம்ப்யூட்டர்னா மூடிட்டுப் போயிடலாம்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. குணாவுக்கே இரண்டு பந்தி வரிசை ஆட்கள் வேண்டும் என்று சொன்னார்கள் என்றால், எனக்கு எத்தனை பேர் சொல்வார்கள்! நான் அவர்கள் வீட்டு மைலோவைக் குடித்தவன், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டவன். என் கணக்கு அவனுடையதை மூழ்கடித்துவிடும். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக டெலிபோன் செய்ய உட்கார்ந்தேன். பவானியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அவள் கேட்கவேண்டும் அல்லவா?

"இனிமே மாசாமாசம் நான் வரட்டுமா, வேணாமா? மனசுல பட்டத சொல்லுங்க" என்று கேட்டேன்.

"என்னாண்ணே புதுசா மரியாத எல்லாம்? ஒங்க வீடு மாதிரிலா" என்றார் முதல் ஆள். இரண்டாவது வீட்டு அம்மாள், "நீங்க வராம இருந்தா எங்களுக்குத்தான் நல்லா இருக்காது" என்றார். நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பவானியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

அடுத்தது ஆறுமுகம். பிறை மின் நிலையத்தில் வேலை செய்பவர். அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. என்னிடம் இரண்டு பாலிசி எடுத்தவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"நெசமாத்தான் கேக்குறீங்களாண்ணே?"

"நெசமாத்தான்."

"கேட்டதால சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. வேணாம்ண்ணே."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பவானிக்குக் கேட்கக்கூடாது.

"நீங்க வர்ற அன்னைக்கு எம்பொண்டாட்டி ஃபேக்டரி விட்டு வந்து குளிக்கக்கூட மாட்டா. ஒங்களுக்குத் தண்ணி கலக்கி, பலகாரம் வெச்சு, நீங்க போற வரைக்கும் நின்னுகிட்டே இருப்பா. அவளும் சொல்லமாட்டா, நானும் சொல்லல. குணா அண்ணன் லெட்டருன்னா நேரம் இருந்தா படிப்பேன், இல்லாட்டி வுட்டுடுவேன். அதுக்குத் தண்ணி கலக்க வேணாம்லா."

குணாவுக்கு வேண்டும் என்று எழுதியவர்களில் என் ஆறுமுகமும் ஒருவர் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப சந்தோஷம் ஆறுமுகம், சொன்னதுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு மேற்கொண்டு யாருக்கும் டெலிபோன் செய்யவில்லை. முதலில் பேசிய இரண்டு பேரும் சொன்னதில் எது நிஜம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இப்போதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அந்த யோசனை வந்து தொலைக்கிறது. வியாபாரம் படுத்துவிட்டது.

"என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாள் பவானி.

"லைன் சரியா இல்ல" என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் என் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளாகவே அப்படிச் செய்து வருஷக்கணக்காகிறது. அந்தக் கையை நினைத்தால் ஆறுமுகத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

7

படிப்பு முடிந்தது. கோலாலம்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பவானிக்கு வேலை கிடைத்தது. குணா தன் கம்பெனிப் பேச்சை மறுபடியும் எடுத்தான். பெயர்ப்பலகைகூட மனதில் எழுதி வைத்திருந்தான். அவள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவன் முகத்தைப் பார்த்து, "இல்ல சித்தப்பா. எனக்கு வேணாம். நான் வேற மாதிரி வேல செஞ்சு பாக்கணும்" என்றாள். பாக்கலாம் சித்தப்பா இல்லை, அடுத்த வருஷம் இல்லை. வேண்டாம். வசந்தி கமலாவைப் பார்த்தாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த வார்த்தையை அப்படி நேராக யாரும் சொன்னதில்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னிடமிருந்து அவளை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்த ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குக் குணாவின் காரில்தான் போனோம். மோட்டார் சைக்கிளில் பெண்ணையும் பெட்டியையும் எப்படி ஏற்றுவது? பெட்டிகளையும் அவனே தூக்கினான். அவனும் கமலாவும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது பவானி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒன்னு சொல்லணும். தெனமும் ராத்திரி போன் பண்ணாதீங்க. நான் ரூம்ல நாலு பேரோட இருப்பேன், வேலயும் இருக்கும். ஞாயித்துக்கெழம நானே கூப்புடுறேன். சரியாப்பா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சட்டம் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தானே. ஆனாலும் ஒரு கேள்வியை விழுங்க முடியவில்லை.

"சித்தப்பாவுக்கு எந்தக் கெழம?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவர்கிட்டயும் கேட்டேன்பா, என்னைக்குக் கூப்புடட்டும்னு. வேணாம்மான்னுட்டாரு. ஒனக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கும், அத ஒங்கப்பாகிட்ட பேசு, அண்ணனுக்கு நீ ஒருத்திதானே அப்படின்னாரு."

அந்த நேரம் பார்த்து அவன் பாட்டில்களோடு வந்து நின்றான். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தான்.

பவானி சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். நல்லா இருக்கியாம்மா என்பேன். நல்லா இருக்கேம்பா என்பாள். அதற்கடுத்த கேள்வி, எல்லா ஞாயிற்றுக்கிழமையும், "சித்தப்பா எப்படிப்பா இருக்காரு?" என்பதுதான். அவனிடம்தான் அவள் பேசுவதில்லையே, என்னிடம்தான் கேட்கவேண்டும். முதல் வாரம் தெரியாது என்றேன். "போய்ப் பாக்கலியாப்பா?" என்று குரல் இறங்கிவிட்டது. அப்புறம் சீக்கிரமே வைத்துவிட்டாள்.

அதனால் இப்போது சனிக்கிழமைதோறும் கெலுகோருக்குப் போகிறேன். அவன் இருமினானா, வியாபாரம் எப்படி, மேனேஜர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணுக்கு ஒப்பிக்கிறேன். என் சகலையின் புகழை என் வாயாலேயே, என் டெலிபோனிலேயே. அதைக் கேட்டு அவள் சிரிக்கிற சிரிப்புக்காக அவன் கைதட்டு வாங்கிய கதையைக்கூட இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் போவதில்லை. கிளம்புவதற்கு முன் டெலிபோன் செய்து, "குணா, வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

"என்னாண்ணே கேள்வி இது, வாங்கலா" என்கிறான்.

போனால் வசந்தி சமையலறையிலிருந்து எழுந்து வந்து தண்ணி கலக்குகிறாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்கிறாள். போன் பண்ணட்டுமா என்று கேட்ட பவானியிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன் அவன். எனக்கு மட்டும் இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.